கோத்தகிரியில் இருந்தபடியே ஐஇஎல்டிஎஸ் 6.5 எடுக்க முடியுமா, கோவைக்கு இறங்கித்தான் ஆக வேண்டுமா?

கோத்தகிரிக் குளிர் (மே 10, இரவு 9.50)

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டிதான் (படுகர் கிராமம்) என் ஊர். பள்ளியும் தமிழ் வழி, கல்லூரியில் தாவரவியலும் தமிழ் வழி. பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் தாவர அறிவியல் முதுநிலைப் படிப்புக்கு, ஜனவரிச் சேர்க்கைக்கு விண்ணப்பித்தேன். இடம் தருகிறோம், ஆனால் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வில் ஒன்பதுக்கு மொத்தம் 6.5 வேண்டும், எந்தப் பிரிவிலும் 6-க்குக் குறையக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். நவம்பர் முடிவதற்குள் மதிப்பெண் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கோவையில் ஒரு பயிற்சி மையத்தில் இலவச மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தேன். கேட்டல் 5.5, வாசித்தல் 6, எழுதுதல் 5, பேசுதல் 5.5. இரண்டு மாதம் விடுதியில் தங்கிப் படித்தால் கரையேற்றிவிடுவோம் என்கிறார்கள். அவர்கள் கேட்கும் தொகையோடு விடுதி வாடகையையும் சேர்த்தால், எங்கள் ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தில் அரை வருடம் பறித்துப் போட்ட இலையின் காசு. வீட்டிலேயே படிக்கலாம் என்றால், மழை வலுத்தால் மின்சாரம் இல்லை. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல். அம்மா போ என்கிறார். அப்பா ஒன்றும் சொல்லாமல் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

இறங்கட்டுமா, இருக்கட்டுமா? எழுதித் தேறியவர்கள் சொல்லுங்கள்.


பூம்பாறைப் பூண்டு (மே 10, இரவு 11.15)

சகோதரி, முதலில் ஒரு கூட்டல் போடுங்கள். நான்கு பிரிவையும் கூட்டி நான்கால் வகுப்பார்கள். வருவது 6.25 என்றால் 6.5 ஆக்கிவிடுவார்கள், 6.75 என்றால் 7. ஆகவே உங்களுக்கு எல்லாவற்றிலும் 6.5 தேவையில்லை. கேட்டல் 6.5, வாசித்தல் 6.5, எழுதுதல் 6, பேசுதல் 6. கூட்டினால் 25, வகுத்தால் 6.25, கையில் 6.5. இந்தக் கணக்கை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. முதல் முறை எல்லாவற்றிலும் 7 வேண்டும் என்று மிரண்டு படித்துத்தான் 6 வாங்கினேன்.

கேட்டலிலும் வாசித்தலிலும் நாற்பது நாற்பது கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், எதையும் காலியாக விடாதீர்கள். நாற்பதில் 27 சரியாக இருந்தால் ஏறக்குறைய 6.5, 30 சரியாக இருந்தால் ஏறக்குறைய 7. இந்த இரண்டையும் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்தே தேற்றிவிடலாம். பழைய வினாத்தாளும் ஒரு கடிகாரமும் போதும். எழுதுதல்தான் வேறு மிருகம். அதை வேறு யாராவது சொல்லட்டும்.


அருவங்காட்டுச் சங்கு (மே 11, காலை 6.20)

நான் ஒரு தகப்பனாகச் சொல்கிறேன். இந்தத் தம்பி போல எல்லோரும் இருக்க மாட்டார்கள். என் மகன் வீட்டிலிருந்தே படிக்கிறேன் என்று ஒன்பது மாதம் ஓட்டினான். கரடி வந்தது, கரண்ட் போனது, மாமா வீட்டில் கல்யாணம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். கடைசியில் கோவையில் கொண்டு விட்டேன். ஆறு வாரத்தில் 7 எடுத்தான். அங்கே மந்திரம் ஒன்றும் போடவில்லை. காலை எட்டு மணிக்கு உட்கார வைத்தார்கள், மாலை ஐந்துக்கு எழுப்பினார்கள், அவ்வளவுதான். மகளே, காசைப் பார்த்து வருடத்தை இழக்காதே.


கேத்திப் பள்ளத்தாக்கு (மே 11, காலை 10.05)

சங்கு ஐயா, உங்கள் மகனுக்கு நல்ல இடம் வாய்த்தது. எனக்கு வாய்த்த இடத்தில் முதல் நாளே இருபது கட்டுரைகளை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். தொழில்நுட்பமா, சுற்றுச்சூழலா, கல்வியா, எது வந்தாலும் ‘இன் திஸ் மாடர்ன் எரா’ என்று தொடங்க வேண்டும். நடுவில் ‘டபுள் எட்ஜ்டு ஸ்வோர்ட்’ என்று இருபக்கமும் கூரான வாள் ஒன்றை வீச வேண்டும். ‘எவ்ரி காயின் ஹாஸ் டூ சைட்ஸ்’ என்று முடிக்க வேண்டும். வகுப்பில் முப்பது பேருக்கும் அதே வாள், அதே நாணயம்.

இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் எழுதுதலில் 5.5. கட்டணம் ஒரு முறைக்கு 18,000 ரூபாய் அளவில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். திருத்துகிறவர்கள் நாள் முழுக்கக் கட்டுரைதான் படிக்கிறார்கள். மனப்பாடத்தை இரண்டாவது வரியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள். மூன்றாம் முறை அந்தத் தாள்களை எல்லாம் வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்துவிட்டு என் சொந்த வாக்கியங்களை எழுதினேன். தப்பும் தவறுமாகத்தான் எழுதினேன். 6.5 வந்தது.


அருவங்காட்டுச் சங்கு (மே 11, காலை 10.40)

நல்ல மையமா என்று விசாரித்துச் சேர வேண்டும் என்றுதானே நானும் சொல்கிறேன்?


கேத்திப் பள்ளத்தாக்கு (மே 11, காலை 10.52)

அதை முதலில் சொல்லவில்லையே ஐயா. விசாரிப்பவர்கள் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: என் கட்டுரையை யார் திருத்துவார், வாரத்துக்கு எத்தனை? ஐம்பது பேர் வகுப்பில் வாரத்துக்கு ஒன்றுகூடத் திருத்தமாட்டார்கள் என்றால் கோவையில் இருந்தாலும் ஒன்றுதான், கோடநாட்டில் இருந்தாலும் ஒன்றுதான்.


பழைய வாத்தியார் (மே 12, மாலை 4.30)

கூடலூரில் முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்தத் தேர்வை நான் எழுதியதில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள், தாள்களை எனக்குக் காட்டியிருக்கிறார்கள்.

அம்மா, இறங்குவதா இருப்பதா என்று பிறகு பார்ப்போம். ஒரு பத்தி எழுதிப் போடுங்கள். கேள்வி இது: சுற்றுலாத் தலங்களுக்கு வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்க வேண்டும் என்கிறார்கள். எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள்? முழுக் கட்டுரை வேண்டாம். நடுவில் ஒரு பத்தி மட்டும். யாரையும் கேட்காமல், எதையும் பார்க்காமல்.


கோத்தகிரிக் குளிர் (மே 12, இரவு 10.20)

சார், எழுதியதை அப்படியே தமிழ் எழுத்தில் போடுகிறேன். சிரிக்காதீர்கள்.

‘டூரிசம் இஸ் வெரி இம்பார்ட்டன்ட் ஃபார் எவ்ரி கண்ட்ரி. டூரிசம் கிவ்ஸ் மெனி பெனிஃபிட்ஸ் டு பீப்பிள். சோ வீ கேன் ஸே தட் டூரிசம் ஹாஸ் மெனி அட்வான்டேஜஸ் இன் அவர் லைஃப்.’


பழைய வாத்தியார் (மே 13, காலை 7.15)

சிரிக்கவில்லை. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்பதைப் பார்த்தீர்களா? ஆனாலும் இது 5 தான். ஒரே மாட்டை மூன்று முளையில் கட்டியிருக்கிறீர்கள். சுற்றுலா முக்கியம், சுற்றுலாவால் நன்மை, ஆகவே சுற்றுலாவால் நன்மை. கேள்வியோ வரம்பு விதிப்பதைப் பற்றியது. வரம்பு என்ற சொல்லே உங்கள் பத்தியில் இல்லை.

திருத்துகிறவர் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார், நான்குக்கும் சம எடை: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, கோவையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். நம் பிள்ளைகள் கடைசி இரண்டோடு மல்லுக்கட்டி முதல் இரண்டில் தோற்கிறார்கள்.

இப்போது ஆங்கிலத்தை மறந்துவிட்டு எனக்குத் தமிழில் பதில் சொல்லுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது. அதற்குப் பிறகும் இந்த மே மாதத்தில் உங்கள் சாலை எப்படி இருக்கிறது? உங்கள் வீட்டில் யாருக்காவது அதனால் ஏதாவது நடந்ததா?


கோத்தகிரிக் குளிர் (மே 13, மதியம் 1.10)

நடந்தது சார். போன வாரம் பாட்டியை ஊட்டி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் அழைத்துப் போனேன். தொட்டபெட்டா சந்திப்பில் இரண்டு மணி நேரம் வண்டி நகரவில்லை. முன்னாலும் பின்னாலும் வெளியூர்க் கார்கள். பாட்டிக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது, மறுநாள் மறுபடியும் போனோம். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த வெள்ளரிக்காய் விற்கும் அக்கா, இவர்கள் வராவிட்டால் என் அடுப்பு எரியாது என்றார். அதுவும் சரிதான்.


பழைய வாத்தியார் (மே 13, மதியம் 2.00)

இதுதான் பத்தி. இரண்டு பக்கமும் இதிலேயே இருக்கிறது, வாளும் நாணயமும் தேவையில்லை. சொந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்காட்டுத் தரலாம் என்று கேள்வித்தாளிலேயே எழுதியிருப்பார்கள். ‘அ பஸ் டேக்கிங் மை கிராண்ட்மதர் டு ஹாஸ்பிடல் வாஸ் ஹெல்ட் அப் ஃபார் டூ அவர்ஸ் பை டூரிஸ்ட் டிராஃபிக்.’ இதில் உங்களுக்குத் தெரியாத சொல் ஒன்று இருக்கிறதா? இல்லை. ஆனாலும் நீங்கள் இதை எழுதவில்லை. ஏனென்றால் பரீட்சை என்றதும் பாட்டியை வீட்டில் விட்டுவிட்டு ‘எவ்ரி கண்ட்ரி’க்குக் கிளம்பிவிட்டீர்கள்.

இன்னொன்று கவனியுங்கள். தமிழில் ‘பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன பஸ்’ என்போம். விவரம் எல்லாம் முன்னால் வந்து, பஸ் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் பஸ் முதலில் வந்துவிடும், விவரம் பின்னால் தொங்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நம் மலை ரயிலில் எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறதல்லவா, தமிழ் வாக்கியம் அப்படி. ஆங்கில வாக்கியத்துக்கு எஞ்சின் முன்னால். தமிழில் யோசிப்பது தவறில்லை. யோசித்த பிறகு எஞ்சினைக் கழற்றி முன்னால் மாட்ட வேண்டும். அந்த ஒரு வேலையைத்தான் தினமும் பத்து வாக்கியங்களில் பழக வேண்டும்.

வாரம் இரண்டு கட்டுரைகளை இங்கே போடுங்கள். நான் பார்க்கிறேன். கூலி வேண்டாம்; ஓய்வுக்குப் பிறகு சிவப்பு மை காய்ந்துகொண்டிருக்கிறது.


கூக்கல் ஏரி (மே 16, இரவு 8.30)

நானும் தயாராகிக்கொண்டிருக்கிறேன். வாசித்தலில் ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’ என்று வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் தப்பாகிறது. ஃபால்ஸுக்கும் நாட் கிவனுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது மண்டையில் உறைக்கிற மாதிரி சொல்லுங்கள் அண்ணா.


பூம்பாறைப் பூண்டு (மே 16, இரவு 10.45)

தம்பி, நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையே எடுத்துக்கொள். பத்தியில் இப்படி இருக்கிறது என்று வை: ‘ஆய்வகம் 1899-இல் தொடங்கப்பட்டது. 1909-இல் இங்கே பணியாற்றிய ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார்.’

கூற்று ஒன்று: எவர்ஷெட் தன் கண்டுபிடிப்பை ஆய்வகம் தொடங்கிய ஆண்டிலேயே செய்தார். இது ஃபால்ஸ். பத்தியே மறுக்கிறது, இடையில் பத்து வருடம்.

கூற்று இரண்டு: ஆய்வகத்தின் முதல் இயக்குநர் எவர்ஷெட். இப்போது நீ என்ன செய்வாய்? நீ மலைக்காரன், பள்ளியில் சுற்றிக்காட்ட அழைத்துப் போயிருப்பார்கள். முதல் இயக்குநர் மிச்சி ஸ்மித் என்று உனக்குத் தெரியும். ஃபால்ஸ் என்று போடுவாய். போச்சு. இயக்குநர் யார் என்று பத்தி வாயே திறக்கவில்லை. விடை நாட் கிவன். பத்தி மறுத்தால் ஃபால்ஸ், பத்தி பேசாமல் இருந்தால் நாட் கிவன். உனக்குத் தெரிந்தது எதுவும் அங்கே செல்லாது. விஷயம் தெரிந்தவன்தான் இந்தக் கேள்வியில் அதிகமாக விழுவான், நான் விழுந்த மாதிரி.

இன்னொன்று: வாசித்தலுக்கு அறுபது நிமிடம், மூன்று நீண்ட பகுதிகள். விடையைப் பதிந்துகொள்ளத் தனி நேரம் கிடையாது. மூன்றாவது பகுதிதான் கடினம், அதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் மிச்சம் வை.


ஏழு பேண்ட் உறுதி (மே 19, காலை 11.00)

எதற்கு இவ்வளவு கஷ்டம்? தேர்வுக்கு முந்தைய நாள் கேள்வித்தாள் கிடைக்கும். முன்பணம் பாதி, மதிப்பெண் வந்த பிறகு பாதி. தனிச்செய்தியில் வாருங்கள்.


கேத்திப் பள்ளத்தாக்கு (மே 19, காலை 11.20)

யாரும் போகாதீர்கள். என்னோடு படித்த ஒரு பெண் இப்படி முன்பணம் கட்டினாள். வந்தது இணையத்தில் சும்மா கிடைக்கிற பழைய தாள். திட்டிக் கேட்டால் எண்ணையே தடுத்துவிட்டான். உண்மையாகவே கசிந்த தாளாக இருந்தால் அது இன்னும் மோசம், மதிப்பெண்ணையே நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். அதற்குப் பிறகு எந்தப் பல்கலைக்கழகத்திடம் போய் நிற்பாய்?


அருவங்காட்டுச் சங்கு (மே 19, காலை 11.45)

இதில் நானும் கேத்தி அம்மாவும் ஒரே கட்சி.


வட்டக்கானல் ஹோம்ஸ்டே (ஜூன் 2, மாலை 5.10)

பேசுதல் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே என் மானத்தை விற்று எழுதுகிறேன். வட்டக்கானலில் அறை வாடகைக்கு விடுகிறேன். இஸ்ரேல்காரர், ஜெர்மன்காரர், பிரெஞ்சுக்காரர் என்று பத்து வருடமாக ஆங்கிலத்திலேயே பிழைக்கிறேன். ஓட்டல் மேலாண்மை படிக்க ஆசைப்பட்டுப் போன வருடம் தேர்வு எழுதினேன். பேசுதலில் எனக்கு எட்டு வராவிட்டால் வேறு யாருக்கு வரும் என்று போனேன். வந்தது 5.5.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். பத்து வருடமாக நான் பேசிய ஆங்கிலம் மொத்தமே நாற்பது வாக்கியம்தான். ஹாட் வாட்டர் கம்மிங், டின்னர் எய்ட் ஓ கிளாக், டோன்ட் கோ தட் சைட், பைசன் இஸ் தேர். அதையே தங்குதடை இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தேர்வு 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் ஊர், வீடு, வேலை. அதில் பறந்தேன். இரண்டாவதில் ஓர் அட்டை கொடுப்பார்கள், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். நாற்பத்தைந்தாவது விநாடியில் சரக்கு தீர்ந்தது. மூன்றாவதில், நகரத்து மக்கள் ஏன் அமைதியான இடங்களைத் தேடிப் போகிறார்கள் என்று கேட்டார். என் பிழைப்பே அந்தக் கேள்விதான்! ‘பிகாஸ் சிட்டி இஸ் வெரி நாய்ஸ்’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இப்போது தினமும் இரவில் போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்கிறேன். தலைப்பு எதுவானாலும் சரி. ஒரு கருத்து, அது ஏன், ஓர் உதாரணம், வேறு மாதிரி நினைப்பவர் என்ன சொல்வார். மறுநாள் காலையில் என் குரலை நானே கேட்பதுதான் பெரிய தண்டனை. உச்சரிப்பில் வெள்ளைக்காரன் மாதிரி இழுக்க வேண்டியதில்லை, நம் சாயலுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். புரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நான் ‘ஃப’ வரும் இடத்தில் எல்லாம் ‘ப’ போட்டுக்கொண்டிருந்தேன். காஃபி எனக்கு எப்போதும் காப்பிதான். அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.


கூக்கல் ஏரி (ஜூன் 3, இரவு 9.00)

அண்ணா, டோஃபல், பிடிஇ, டுவோலிங்கோ என்று வேறு ஆங்கிலத் தேர்வுகளும் இருக்கின்றனவே, அவற்றில் எது சுலபம்?


கேத்திப் பள்ளத்தாக்கு (ஜூன் 3, இரவு 9.40)

சுலபம் என்று ஒன்று இல்லை தம்பி, எது உனக்கு ஒத்துவரும் என்பதுதான். முதலில் நீ சேரப்போகிற பல்கலைக்கழகம் எதை ஏற்கிறது என்று அவர்கள் பக்கத்தில் பார். டோஃபலிலும் பிடிஇயிலும் ஆளிடம் பேசுவதில்லை, மைக்கிடம்தான் பேச வேண்டும். கூச்சம் உள்ளவர்களுக்கு அது வசதி. பிடிஇ மதிப்பெண் 10 முதல் 90 வரை. டோஃபலில் 120 என்று எல்லோரும் சொல்வார்கள், 2026 ஜனவரியிலிருந்து 1 முதல் 6 வரை என்று மாற்றிவிட்டார்கள், பழைய புத்தகத்தை வாங்கி ஏமாறாதே. டுவோலிங்கோவை வீட்டிலிருந்தே ஒரு மணி நேரத்தில் எழுதலாம், ஆனால் நடுவில் இணையம் அறுந்தால் தேர்வும் அறுந்தது. கூக்கலில் அதை நம்பி உட்காருவாயா?


கோத்தகிரிக் குளிர் (ஜூலை 18, இரவு 10.30)

கோவைக்கு இறங்கவில்லை. வாத்தியார் சாருக்கு இதுவரை பதினேழு கட்டுரைகள் அனுப்பியிருக்கிறேன். முதல் கட்டுரையில் சிவப்பு இல்லாத வரி இல்லை. ‘தி’ போட வேண்டிய இடத்தில் போடாமல், போடக் கூடாத இடத்தில் போட்டதற்கு மட்டும் தனிப் பட்டியல் வைத்திருக்கிறேன்.

பேருந்து நிலையத்துக்கு இரவில் போய் ஒலிப்பதிவுகளை இறக்கிக்கொண்டு வருகிறேன். கேட்டலில் என் வியாதி என்ன என்று இப்போதுதான் தெரிந்தது. விடை தெரிகிறது, எழுத்துப் பிழையில் போகிறது. பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது ‘ஜி’யும் ‘ஜே’யும் மாறிவிடுகின்றன. ‘டபுள் ஃபோர்’ என்றால் ஒரே ஒரு நான்கை எழுதுகிறேன். தேர்ட்டீனா தேர்ட்டியா என்ற குழப்பம் வேறு. போதாததற்கு, பேசுகிறவர் செவ்வாய் என்று சொல்லிவிட்டு, இல்லை இல்லை, வியாழன் என்று மாற்றுவார். நான் செவ்வாயை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பேன். ஒரு முறைதான் ஓடும், திரும்பக் கேட்க முடியாது.

நேற்று ஒரு கூத்து. எழுதுதலில் முதல் வேலை வரைபடத்தை விவரிப்பது அல்லவா, 150 சொல். சார் குன்னூர் ஏலத்தின் தேயிலை விலையை வைத்து ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். நான் விலை ஏன் விழுந்தது, யாரால் விழுந்தது, பச்சை இலைக்கு என்ன கொடுக்கிறார்கள், உரம் என்ன விலை என்று 290 சொல் எழுதிவிட்டேன். கண்ணீர் வராத குறை.


பழைய வாத்தியார் (ஜூலை 19, காலை 6.50)

எழுத்து நன்றாக இருந்தது. தினசரிக்கு ஆசிரியர் கடிதமாக அனுப்பலாம். தேர்வில் கேட்டது அது இல்லை. கோடு எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, எது எதைத் தாண்டியது. அதைச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். ஏன் என்று வரைபடம் சொல்லவில்லை என்றால் நீங்களும் சொல்லக் கூடாது. உங்கள் கோபத்தை இரண்டாவது வேலையான கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் முதலாவதைப் போல இரண்டு மடங்கு எடை. 250 சொல், நாற்பது நிமிடம்.


கேத்திப் பள்ளத்தாக்கு (செப்டம்பர் 30, மாலை 6.15)

குளிர், தேர்வு அக்டோபர் 24 என்று சொன்னாய். மூன்று விஷயம். பதிவு செய்த அதே பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஆதாரை நீட்டினால் உள்ளே விடமாட்டார்கள். கணினியில் எழுதுவதால் கேட்டல் முடிந்ததும் சரிபார்க்க இரண்டு நிமிடம்தான், காகிதத்துக்கு இருந்த பத்து நிமிடம் கிடையாது. தட்டச்சு வேகம் போதுமா பார். சொல் எண்ணிக்கையைத் திரையே காட்டும், எண்ணிக்கொண்டிருக்காதே.

மூன்றாவதுதான் முக்கியம். முந்தைய நாளே இறங்கிவிடு. என் இரண்டாவது தேர்வு ஒரு நவம்பரில். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினேன். பர்லியாறு தாண்டுவதற்குள் மரமும் மண்ணும் சாலையில். அறைக்குள் நுழையும்போது வியர்த்து ஊற்றிக்கொண்டு, கடைசி ஆளாக, கதவு மூட நான்கு நிமிடம் இருக்கும்போது. கேட்டலின் முதல் பத்து கேள்விகளில் எனக்குக் கேட்டது என் இதயத்துடிப்பு மட்டும்தான். தாமதமாகப் போனால் பணமும் போகும், நாளும் போகும். வடகிழக்குப் பருவமழை யாருடைய ஹால் டிக்கெட்டையும் பார்க்காது.


கோத்தகிரிக் குளிர் (அக்டோபர் 28, காலை 9.35)

வந்துவிட்டது. கேட்டல் 6.5, வாசித்தல் 7, எழுதுதல் 5.5, பேசுதல் 6. கூட்டினால் 25. மொத்தம் 6.5.

மொத்தம் கிடைத்தும் இடம் கிடைக்கவில்லை. எழுதுதலில் அரை குறைகிறது. சார், உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் தோட்டத்தில் நின்றேன்.


அருவங்காட்டுச் சங்கு (அக்டோபர் 28, காலை 10.00)

மகளே, நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லப் போவதில்லை. ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம் என்று என் மகன் சொல்கிறான். மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்ப வரும்.


பூம்பாறைப் பூண்டு (அக்டோபர் 28, காலை 10.25)

அதைவிட வேகமான வழி இருக்கிறது. ஒரே ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதலாம், ஒன் ஸ்கில் ரீடேக் என்பார்கள். முதல் தேர்விலிருந்து அறுபது நாளுக்குள் எழுத வேண்டும். ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்பதில்லை. பணம் கட்டும் முன் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஏற்போம் என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.


பழைய வாத்தியார் (அக்டோபர் 28, காலை 11.10)

என்ன கேள்வி வந்தது, என்ன எழுதினீர்கள்? நினைவிருக்கும்வரை சொல்லுங்கள்.


கோத்தகிரிக் குளிர் (அக்டோபர் 28, மதியம் 12.40)

இரண்டாவது வேலை, பள்ளியில் விவசாயம் கற்பிக்க வேண்டுமா என்பது. எனக்கு என்று செய்த கேள்வி. ஆனால் முதல் வேலையிலேயே முப்பது நிமிடம் போய்விட்டது சார். வரைபடத்தில் ஒரு எண்ணையும் விடக் கூடாது என்று எல்லாவற்றையும் எழுதினேன். கட்டுரையின் கடைசிப் பத்தி பாதியில் நின்றது.


பழைய வாத்தியார் (அக்டோபர் 28, மதியம் 12.55)

அப்படியானால் உங்கள் ஆங்கிலத்துக்கு ஒன்றும் இல்லை. கைக்கடிகாரத்துக்குத்தான் வைத்தியம். இன்று முதல் கட்டுரையை முதலில் எழுதுங்கள், வரைபடத்தைப் பிறகு. எந்த வரிசையில் எழுதினாலும் அவர்கள் கேட்க மாட்டார்கள். தினமும் ஒன்று, அறுபது நிமிடம் கழித்து எழுதிய எதையும் நான் படிக்க மாட்டேன்.


கோத்தகிரிக் குளிர் (நவம்பர் 18, காலை 8.50)

எழுதுதல் 6.

சேர்க்கை அலுவலகம் ஏற்கிறோம் என்று முன்பே எழுதியிருந்தார்கள், நேற்றிரவே அனுப்பிவிட்டேன். இந்த முறை கட்டுரையில் முற்றுப்புள்ளி வைத்தபோது பதினெட்டு நிமிடம் மிச்சம் இருந்தது. வரைபடம் ஏதோ ஒரு நாட்டின் ரயில் பயணிகள் எண்ணிக்கை. எனக்கு அதில் கோபமே வரவில்லை. அப்பா கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு, விசாவுக்கு எவ்வளவு என்று கேட்டார். மறுபடியும் திறந்துவிட்டார்.


அருவங்காட்டுச் சங்கு (நவம்பர் 18, காலை 9.15)

ரொம்ப மகிழ்ச்சி மகளே. ஒரு சின்ன விஷயம். என் இரண்டாவது பெண் அடுத்த ஏப்ரலில் எழுதப் போகிறாள். கோவைக்கெல்லாம் வேண்டாம் அப்பா, அந்த இழையைப் படித்தேன் என்கிறாள். நீ கிளம்பும்வரை அவள் கட்டுரையை ஒரு பார்வை பார்ப்பாயா?


கோத்தகிரிக் குளிர் (நவம்பர் 18, காலை 9.30)

அனுப்பச் சொல்லுங்கள் ஐயா, இரவில் பார்க்கிறேன். தேயிலை விலை வரைபடம் வந்தால் மட்டும் சாரிடம் காட்டட்டும்.